தண்ணீர் நின்ற காலையில் ஒரு தலைத்துண்டு

ஆயர் ஈத்தாமிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா பூப்போட்ட துணியைத் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தார். வழியில் ஏறிய, அவருக்குத் தெரிந்த இளம்பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“என்னக்கா, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போற மாதிரி தலையில துண்டு?”

“தலைக்கு டை போட்டேன். கழுவப் போனா பைப்புல தண்ணி நின்னுபோச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போய்த்தான் கழுவணும். சாயங்காலம் மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்க லா.”

“போட்டு எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு மணி நேரம். பெட்டியில அரை மணின்னு போட்டிருக்கு.”

இளம்பெண் அவர் கழுத்தை உற்றுப் பார்த்தாள்.

“கறுப்பு டைதானேக்கா போட்டீங்க?”

“ஆமா, ஏன்?”

“ஊதாவா ஒழுகுதே.”

அக்கா கழுத்தைத் தடவி விரலைப் பார்த்தார்.

“ஐயோ, மகளோட பெட்டிய எடுத்துட்டேன்!”

அவர் துணியை இன்னும் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

“சாயங்காலமும் இதோடவே இருந்துர்றேன். கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கலாம்.”

“மொட்டை போட்டிருக்கீங்கன்னு நினைப்பாங்களேக்கா.”

“நினைக்கட்டுமே. சம்பந்தியாகப் போறவ ஊதா மண்டையோட போய் நிக்கிறதுக்கு மொட்டை எவ்வளவோ தேவலாம் லா.”