எடுத்த நடவடிக்கை

பொறுமையைப் பத்திப் பேசச் சொல்லி என்னை மேடை ஏத்தியிருக்கீங்க... அதுக்கு முன்னாடி ஒரு உண்மையை ஒத்துக்கிடுறேன். கீழே லிஃப்ட் பட்டனைப் பதினோரு தடவை அமுக்கினேன். வாட்ச்மேன் எண்ணியிருக்காரு! பன்னெண்டாவது தடவை கை வச்சப்பதான் சொன்னாரு: "சார், பழுதுன்னு பக்கத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

சிரிங்க, சிரிங்க. இதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு எங்க ஆபீஸ்ல நடந்துச்சு. ரெண்டே நிமிஷம், காதைக் கொடுங்க.

எங்க கிளைக்கு இருபது புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சு. திங்கக்கிழமை பொட்டு வச்சு, பூப்போட்டு, தேங்காய் உடைச்சாச்சு. ஆனா வேலை பாக்க முடியாது. ஏன்? பாஸ்வேர்டு எப்படி இருக்கணும், எந்த பிரிண்டர்ல அடிக்கணும்... எல்லா விதியும் ஹெட் ஆபீஸ்லேருந்து லைன் வழியா வந்து இறங்கணும். அந்த செட்டிங் வர்ற வரைக்கும், பூவோட சேர்த்து அதுவும் ஒரு சாமி படம். அவ்வளவுதான்.

இதைப் பாத்துக்கிறவங்க பிலோமினா. நாப்பது வயசு, காண்ட்ராக்ட் வேலை. வெள்ளிக்கிழமையோட காண்ட்ராக்ட் முடியுது. புதுப்பிக்கிறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு எழுத வேண்டியவரு மேனேஜர் வெயிலுகந்தான்.

அந்தம்மா தெளிவாச் சொன்னாங்க. "சார், இது தானா வரும். ஒரு பகல் ஆகலாம். ஆன் பண்ணி வச்சுட்டு யாரும் தொடாம இருக்கணும்."

"சரிம்மா. அதுவரைக்கும் நீ என்ன பண்ணுவ?"

"காத்திருப்பேன் சார்."

"காத்திருக்கிறதா?!" மனுஷன் சேர்லேருந்து எழுந்துட்டாரு. "பதினோரு மணி ரிப்போர்ட்ல என்ன எழுதுறது?"

ஹெட் ஆபீஸுக்கு ஒரு நாளைக்கு மூணு ரிப்போர்ட் போகணும். அதுல ஒரு கட்டம் இருக்கு... 'எடுத்த நடவடிக்கை.' அதைக் காலியா விட்டா, ஏன் காலின்னு விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். அந்த விளக்கத்துக்கு வேற படிவம். அதுலயும்... ஆமா, அதே கட்டம்!

அப்ப என்ன பண்ணோம்? கம்ப்யூட்டர்ல உள்ளதை முழுசா அழிச்சோம். திரும்பப் போட்டோம். கட்டத்துல எழுதுனோம்: 'இயந்திரங்கள் முற்றிலுமாக அழிக்கப்பட்டு மீண்டும் நிறுவப்பட்டன.' எழுதுனது யாரு? நான்தான். என் தமிழைப் பாத்து நானே சொக்கிப் போனேன்!

பதினோரு மணிக்கு அழி. ரெண்டு மணிக்கு அழி. நாலரைக்கு அழி. சாயங்காலம் மெயினை அணைச்சுட்டு வீட்டுக்குப் போ. பிலோமினா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "சார், ரேஷன் கடை வரிசையில பாதி தூரம் வந்தவனை இழுத்துக் கடைசில நிறுத்துறோம்!" யாரு காதுல விழுது?

புதன்கிழமை சாயங்காலம் மேனேஜர் முகத்தை நீட்டிட்டாரு. "பாரும்மா, ஒன்பது தடவை அழிச்சும் வரலன்னா... உன்கிட்ட ஏதோ கோளாறு. வெள்ளிக்கிழமை நான் என்ன எழுத?" அந்தம்மா மகளுக்குக் காலேஜ் சேர்க்கை நேரம். அது எங்க எல்லாருக்கும் தெரியும்... தெரிஞ்சும் அழிச்சோம்.

வியாழக்கிழமை காலையில ஹெட் ஆபீஸ் போன். "உங்க கிளையில ஒரே ஒரு மெஷின் சரியா இருக்கே, யாருது?"

ஆபீஸே ஓடுச்சு. எங்ககூட வேலை பாக்குற சீனிராஜோட மேஜை! உறை போட்டபடி, மெயின் போட்டதும் தானா ஆன் ஆகி இருக்கு. உறையை எடுத்தா... எல்லா செட்டிங்கும் ஜம்முன்னு இறங்கியிருக்கு.

"எப்படிய்யா? என்ன பண்ணான் சீனிராஜ்?"ன்னாரு மேனேஜர்.

நான் சொன்னேன், "லீவு போட்டான் சார்."

தங்கச்சி கல்யாணம், பதினஞ்சு நாள் லீவு. ஆள் இல்லாத மேஜையை எவன் அழிப்பான்? கேளுங்க கூத்தை... எங்க கிளையில அந்த வாரம் ஒழுங்கா வேலை பாத்த ஒரே ஆள், ஆபீஸுக்கே வராதவன்! மேனேஜர் அவனுக்குப் பாராட்டுக் கடிதம் வேற அனுப்பினாரு.

பிலோமினா இடுப்புல கை வச்சு நின்னாங்க. "இன்னிக்கு ஒரு நாள் யாரும் தொடக் கூடாது."

"கட்டத்துல என்னம்மா எழுத?"

எனக்கு அங்கதான் ஞானம் பிறந்துச்சு. 'தொடர் கண்காணிப்பில் உள்ளது'ன்னு எழுதுனேன். அம்புட்டுத்தான்! கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தோம். மேனேஜர் விரல் தானா பட்டனைப் பாத்துப் போகுது. "சார்... கை!"ன்னு வாசல்லேருந்து பிலோமினா ஒரு அதட்டல். எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி இழுத்துக்கிட்டாரு.

நாலு மணி. ஒண்ணு வந்துச்சு... ரெண்டு வந்துச்சு... பத்தொன்பதும் வந்துச்சு! மறுநாள் மேனேஜர் எழுதுனாரு: 'பொறுமையுடன் காத்திருந்து சாதித்தமைக்காக ஓராண்டு நீட்டிக்கலாம்.'

இப்ப உங்களைக் கேக்குறேன். நீங்க மட்டும் என்ன யோக்கியம்? பிள்ளையை டியூஷன் சேர்த்து நாலாம் நாள் மார்க் எங்கன்னு கேக்குறீங்க. வரலன்னா வாத்தியாரை மாத்துறீங்க. மருமக வந்து மூணு வாரம் ஆகல, அவளைத் திருத்த ஆரம்பிச்சுடுறீங்க. நாம செய்யுறதுல பாதி, வேலை நடக்கணும்னு இல்லய்யா... கட்டம் காலியா இருக்கக் கூடாதுன்னு! சும்மா இருக்கத் தைரியம் வேணும். கொஞ்சம் கையைக் கட்டுங்க, வர்றது வரும்!

...கைதட்டுனது போதும். இந்தக் கதையைச் சொல்லலாமான்னு இன்னிக்குக் காலையில பிலோமினாவுக்குப் போன் போட்டேன். "தாராளமாச் சொல்லுங்க சார்"னாங்க. "ஆனா, அன்னிக்கு நீங்கள்லாம் கையைக் கட்டி உக்காந்திருந்தப்ப, நான் மாடிப்படில நின்னு ஹெட் ஆபீஸ்காரனைப் போன்ல கிழிகிழின்னு கிழிச்சேன். செட்டிங் அனுப்புற பட்டியல்ல நம்ம கிளை பேரையே அவன் சேர்க்கல சார், நான் கிழிச்சப்புறம்தான் சேர்த்தான். சீனிராஜ் அதுக்கு முந்தின மாசம்தான் மாறுதல்ல வந்தவரு, அவரு பேரு பழைய கிளைப் பட்டியல்லயே கிடந்துச்சு. அதான் அவருக்கு மட்டும் வந்துச்சு."