ஏழு அடிக்கு மேல் பாலம் இல்லை

— அது என் பெட்டி. நீ எதுக்கு அதுல துணியை மடிச்சு வைக்கறே?

— நீங்க சுருட்டித் திணிச்சா மூடாது.

— மூடலேன்னா கயிறு போட்டுக் கட்டிக்கறேன். புருஷன் விட்டுட்டுப் போறதுக்குப் பொண்டாட்டியே பெட்டி அடுக்கிக் குடுக்கறதை நான் எங்கயும் பாத்ததில்லை.

— ஜீப் மூணு மணிக்கு வந்துடும். இப்பவே ஒண்ணு நாப்பது. இதை விட்டா அடுத்த மாசம்தான்.

— ஆமா, உனக்கு மணி தப்பக் கூடாது. புருஷன் தப்பிப் போனா பரவால்ல.

— கத்திரியும் சீப்பும் துணியில சுத்திட்டேன். சவரக்கத்தி எங்க, சலூன்காரரே?

— சலூன்காரர்னு கூப்பிடாதே. எங்க இருக்கு சலூன்? இந்தக் காட்டுக்கு வந்து பதினோரு மாசம். ரெண்டே ரெண்டு தலைதான் வெட்டியிருக்கேன். அதுல ஒண்ணு என்னோடது.

— இன்னொண்ணு என்னோடது. நல்லாத்தான் வெட்டினீங்க.

— நல்லா வெட்டி யாரு பாக்கறது? கரடியா? போன மாசம் அந்தக் கரடி என் வாசனை சோப்பைத் தின்னுட்டு, வாயெல்லாம் நுரை தள்ளி, வாசல்ல சவரத்துக்கு வந்த ஆளு மாதிரி நின்னுச்சு. ஊர்ல இருந்திருந்தா இதை நாப்பது பேருகிட்ட நாப்பது விதமா சொல்லியிருப்பேன்.

— என்கிட்ட சொன்னீங்களே.

— சொன்னேன். நீ என்ன சொன்னே?

— என்ன சொன்னேன்?

— 'ம்'னே.

— கரடி சோப்பு தின்னும். இருபத்திரெண்டு வருஷமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.

— அதான். இங்க எதைச் சொன்னாலும் நீ அதை இருபத்திரெண்டு வருஷமா பாத்திருக்கே. நான் சொல்றதைக் கேளு, காட்டுக்காரி. கூரை ஒழுகறதுக்காக நான் போகல. அட்டை ஏறி ஏறிக் கால் ரெண்டும் அம்மை போட்ட மாதிரி ஆச்சே, அதுக்காகவும் போகல. குரங்கு என் கண்ணாடியைத் தூக்கிட்டுப் போய் மரத்து மேல உக்காந்து மூஞ்சி பாத்துச்சே, அதைக்கூட மன்னிச்சுட்டேன்.

— பின்ன எதுக்குப் போறீங்க?

— நீ பேச மாட்டேங்கறே.

— இப்ப பேசிக்கிட்டுதானே இருக்கேன்.

— பெட்டியைப் பத்திப் பேசறே, மணியைப் பத்திப் பேசறே. மத்தபடி உன் பேச்செல்லாம் அந்த வயர்லெஸ்ஸோட சரி. மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய் அதைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆறு அடி, ஓவர். ஆறே கால், ஓவர்.' அந்த ஆபீஸ்காரன் குடுத்து வெச்சவன்.

— ஆத்துல தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு சொல்றதுக்குத்தான் என்னை இங்க வெச்சிருக்காங்க. கீழ எத்தனை வீடு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

— எனக்கு ஒண்ணும் தெரியாது. படிக்காதவன். தலையை வெட்டத் தெரியும், வாயைத் திறக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள்ளேருந்து பேசறவன் நெஜமாவே ஆபீஸ்ல உக்காந்திருக்கானா, வீட்டுல படுத்துக்கிட்டுப் பேசறானான்னுகூட எனக்குத் தெரியாது. அவன் குரலே சரியில்லை.

— அவருக்கு ஆஸ்துமா.

— பாரு. அவனுக்கு ஆஸ்துமான்னு தெரிஞ்சு வெச்சிருக்கே. எனக்கு முழங்கால் வலின்னு தெரியுமா?

— இடது முழங்கால். காலையில எந்திரிச்ச உடனே வலிக்கும், நடந்தா சரியாப் போயிடும்.

— தெரியுமில்ல? அதைக் கேட்டா என்ன? 'வலிக்குதா'ன்னு ஒரு வார்த்தை.

— வலிக்குதுன்னு தெரியுது. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?

— உன்னோட மல்லுக்கட்ட என்னால ஆகாது. என் நாற்காலியில உக்காந்து எப்படிப் பேசினே, ஞாபகம் இருக்கா? ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்கு இறங்கி வருவே. ஆம்பளைங்களோட பெஞ்சில வரிசையா உக்காருவே. முதல் நாளு, 'காதுக்கு மேல ஒட்ட வெட்டுங்க, காட்டு மழையில முடி காயவே மாட்டேங்குது'ன்னே. கடையே திரும்பிப் பாத்துச்சு.

— நீங்க மட்டும் பாக்கல. துணியைப் போத்திட்டு, 'தண்ணி தெளிச்சா குளிருமா'ன்னு கேட்டீங்க.

— அப்ப வாயைத் திறந்தே பாரு. ஆறு, பாம்பு, எங்கயோ மரம் விழுந்தது, அது விழற சத்தம் எப்படி வந்துச்சு, ஒண்ணு விடல. முப்பது வருஷமா என் கடைக்கு வர்றவன் தலையைக் குனிஞ்சு உக்காருவான், நான் பேசுவேன். அன்னிக்குத்தான் நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அம்பத்திரெண்டு வயசுல, கல்யாணமே வேண்டாம்னு கிடந்தவன், உன் முடி எப்ப வளரும்னு காலண்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

— அது ரெண்டு மாசப் பேச்சு. யாருமில்லாம சேத்து வெச்சு, அங்க வந்து கொட்டினேன். இப்ப சேர மாட்டேங்குது. மரம் விழுந்தா நீங்களும்தான் பக்கத்துல நிக்கறீங்க. நீங்க பாத்ததையே உங்ககிட்ட என்னன்னு சொல்றது?

— இதை முன்னாடியே சொல்லியிருந்தா கடையை மச்சான்கிட்ட விட்டுட்டு வந்திருக்க மாட்டேன். நீ பாட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து முடி வெட்டிக்கிட்டுப் போயிருப்பே. நானும் நிம்மதியா காலண்டர் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்.

— இருந்திருக்கலாம்.

— பாத்தியா? இதுக்கும் ஆமாங்கறே.

— நீங்கதானே வர்றேன்னீங்க. நான் கூப்பிடலையே.

— அதுதான் என் வயித்தெரிச்சலே. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. பதினோரு மாசமா இந்த வீட்டுல நான் பொண்டாட்டியோட இருக்கேனா, வெயிட்டிங் ரூம்ல இருக்கேனான்னு தெரியல. சரி, இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. 'போகாதீங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. இந்தப் பெட்டியை இங்கயே கவுத்துடறேன்.

— மாட்டேன்.

— ஏன்?

— நான் சொல்லி நீங்க இருந்தா, கூரை ஒழுகும்போதெல்லாம் நான் சொன்னதாலதான்னு இருக்கும். அட்டை கடிக்கும்போதெல்லாம் என் மூஞ்சியைப் பாப்பீங்க. இருந்தா நீங்களா இருக்கணும். போனாலும் நீங்களா போகணும்.

— இப்படி யோசிக்க உனக்கு யாரு கத்துக்குடுத்தா? அந்தப் பலகையா? ஆத்துல நட்டு வெச்சிருக்கியே அளவுப் பலகை, உன்கிட்ட பேசறதும் அதுகிட்ட பேசறதும் ஒண்ணு. உங்கம்மா செத்த அன்னிக்கு நீ பண்ணினதை உன் தங்கச்சி சொன்னா. உன்னைக் கூட்டிட்டுப் போக ஜீப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுச்சாம். ரெண்டு அங்குலம் கம்மியாச் சொல்லியிருந்தா போய் அம்மா முகத்தைப் பாத்திருக்கலாம். 'ஏழு அடி ரெண்டு அங்குலம், ஓவர்'னு சொல்லி உன் வழியை நீயே மூடிக்கிட்டியாம்.

— ஏழு அடி ரெண்டு அங்குலம்தான் ஓடுச்சு. ஏழு அடிக்கு மேல போனா பாலத்துல வண்டியை விடக் கூடாது.

— அம்மாவுக்கே இறங்காதவ. எனக்கா இறங்கப்போறே?

— நகருங்க. ரெண்டு மணி ஆச்சு. ஜன்னலை மறைக்காதீங்க, பலகை தெரியல.

— பாரு, நல்லாப் பாரு. என்னைத்தான் பாக்க மாட்டே.

— ஆபீஸ், ஆத்து நிலையம் பேசறேன். ரெண்டு மணி அளவு. ஏழே கால் அடி. ஓவர்.

— நிலையம், ஆபீஸ். ஏழே காலாம்மா? ஜீப் இப்பத்தான் பாலத்துக்கிட்ட வந்திருக்கு. நிறுத்தச் சொல்றேன். லைன்லயே இருங்க, டிரைவர்கிட்ட பேசிட்டு வர்றேன். ஓவர்.

— என்ன சொன்னே இப்ப? ஏழே காலா? அப்ப ஜீப்பு?

— வராது.

— பெட்டியைக் கட்டின பிறகா?

— ஆறு என்ன உங்க பெட்டியைப் பாத்துக்கிட்டா ஓடுது?

— இரு இரு. என் கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. ஈ உக்காந்த இடத்துல முடி எத்தனைன்னு எண்ணிடுவேன். பலகையில ஆறே முக்கால்தானே தெரியுது?

— ஆமா, ஆறே முக்கால்.

— நீ ஏழே கால்னே.

— சொன்னேன்.

— அரை அடி கூட்டிச் சொல்லியிருக்கே. ஜீப்பை நிறுத்தறதுக்கு. அடி என் காட்டுக்காரி. வாயால சொல்ல மாட்டே, ஆனா ஆத்தை ஏத்தி விடுவே, அப்படித்தானே? எனக்காகவா பொய் சொன்னே?

— நான் பொய் சொல்லல. அந்தப் பலகைதான் அரை அடி கம்மியாக் காட்டுது.

— பலகையா?

— ஒன்பது நாளைக்கு முன்னாடி பாசி மூடிக்கிடக்குன்னு கழட்டிக் கொண்டாந்து, அடுத்த மணி அளவுக்குள்ள சவரக்கத்தியை வெச்சு சுரண்டினீங்களே. திருப்பி மாட்டும்போது கம்பத்துல ஒரு ஓட்டை மேல தள்ளி போல்ட்டு போட்டுட்டீங்க. அன்னிக்கே பாத்தேன். அதுலேருந்து மணிக்கு மணி, பலகை காட்டறதோட அரை அடி கூட்டித்தான் ஆபீசுக்குச் சொல்றேன்.

— ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். அதுவும் போச்சு.

— நிஜம் அதுதானே.

— ஒன்பது நாளா தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல? நீ எதையும் விடற ஆளில்லையே.

— சொல்லலாம்னுதான் இருந்தேன்.

— அப்புறம்?

— இங்க வந்ததுலேருந்து உங்க கையால செஞ்ச முதல் வேலை அது. தினம் காலையில டீ டம்ளரோட போய், முகம் மழிச்சு விட்ட ஆளைப் பாக்கற மாதிரி அதைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. 'எப்படிப் பளிச்சுன்னு ஆயிட்டான் பாரு'ன்னு சொன்னீங்க.

— சரி, நான் தூங்கும்போது போய் நீயே மாத்தி மாட்டியிருக்கலாமில்ல?

— மாத்தினா கண்டுபிடிச்சிடுவீங்க. கூட்டிச் சொல்றது ஒண்ணும் கஷ்டமில்லை. அரை அடிதானே.

— மழையில, ஜுரத்துலகூட எந்திரிச்சுப் போய் கூட்டிச் சொன்னியா?

— ம்.

— இப்பவும் 'ம்'தான் உனக்கு. இங்க பாரு. உக்காரு. நீ நிக்கிறதைப் பாத்தா எனக்குச் சொல்ல வர மாட்டேங்குது. இன்னிக்குக் காலையில நீ அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தப்ப கடைசியா ஒரு தடவை அந்தப் பலகையைப் பாக்கப் போனேன். ஓட்டை தப்பா இருந்தது அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துட்டேன். போற நேரத்துல எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு, சத்தமில்லாம இறக்கி மாட்டிட்டேன்.

— எப்ப?

— ஆறு, ஆறரை இருக்கும்.

— காலையில திடீர்னு அரை அடி ஏறிச்சு. மேல நல்ல மழைபோலன்னு நினைச்சேன்.

— மழையெல்லாம் இல்லை. நான்தான். பலகை இப்ப சரியாத்தான் காட்டுது. ஆத்துல ஆறே முக்கால்தான் ஓடுது. நீ ஏழே கால்னு சொன்னதுதான் தப்பு.

— நான் தப்பு சொன்னதில்லை. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட.

— அழுவாதே. நீ அழுது நான் பாத்ததில்லை, எனக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. எல்லாம் நான் பண்ணின வேலை. நான் வந்ததே தப்பு.

— நிலையம், ஆபீஸ் கூப்பிடறேன். அம்மா, உங்க அளவை நாங்க இதுவரைக்கும் கேள்வி கேட்டதில்லை. ஆனா தண்ணி பாலத்துக்கு நல்லாக் கீழதான் ஓடுதுன்னு டிரைவர் சொல்றான். இன்னொரு தடவை பாத்துச் சொல்லிடுங்க. ஏழுக்குக் கீழன்னா ஜீப்பை விட்டுடறேன், மேலன்னா திருப்பிடறேன். ஓவர்.

— சொல்லு, காட்டுக்காரி. ஆறே முக்கால்னு சொல்லிடு. பலகையை மாட்டினது என் வீட்டுக்காரர், தப்பு அவரோடதுன்னு சொல்லு. உன் பேருல கறை வேண்டாம். நான் அந்த ஜீப்புல போயிடறேன், உனக்கும் நிம்மதி. என்ன பாக்கறே? பலகை அங்க இருக்கு, நீ என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்கே.

— நிலையம், கேக்குதா? ஓவர்.

— கேக்குது. நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஏழே கால். ஜீப்பைத் திருப்பிடுங்க. ஓவர்.