பழுது காணப்படவில்லை

வீட்டில் இணையம் விட்டுவிட்டு அறுந்துபோகிறது என்று புகார் கொடுப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் மோடத்தைத் துணி அலமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். மீதி நான்கு பேரில் ஒருவர் அதை மீன்தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருப்பார். ஒரு பெண்மணி மோடத்துக்குக் குளிரும் என்று கம்பளியில் உறை பின்னிப் போட்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை, சார்ஜென்ட். உறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஹியூவன் பள்ளத்தாக்கில் பதினேழு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பழுது பெரும்பாலும் கம்பியில் இருப்பதில்லை, கம்பியைப் பற்றிப் பேசும் ஆளிடம்தான் இருக்கிறது.

என் வாக்குமூலத்தை நீங்கள் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறீர்கள். பரவாயில்லை, நானும் மெதுவாகவே சொல்கிறேன்.

நெவில் கத்பர்ட் வேறு ரகம். அவருடைய மோடம் கூடத்தின் நடுவில், தூசி துடைத்து, சரியான உயரத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு நோட்டு. ஆப்பிள் குளிர்கிடங்கில் முப்பது வருடம் வெப்பநிலையை எழுதிவைத்த ஆள் அவர். ஓய்வு பெற்றபின் எழுத வேறு ஒன்றும் கிடைக்காமல், இணையம் எப்போது போகிறது, எப்போது வருகிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டார். தேதி, மணி, நிமிடம், அதற்குப் பக்கத்தில் அன்றைய மழை அளவு.

அவருடைய மனைவி ஐரிஸ் இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். தலைசுற்றல் வேறு. இரண்டு முறை விழுந்திருக்கிறார். கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அழுத்தினால் கூடத்திலிருக்கும் அவசர அழைப்புப் பெட்டி விழித்துக்கொண்டு, மோடம் வழியாக உதவி மையத்தைக் கூப்பிடும். அந்த மலை மறைவில் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. பழைய தொலைபேசிக் கம்பியில்தான் இணையம், இணையத்தில்தான் அந்தப் பெட்டி. ஆகவே, இணையம் அறுந்த நேரத்தில் ஐரிஸ் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நெவிலின் கவலை. நியாயமான கவலை என்று அப்போதே எனக்குத் தெரியும். கவலையை யாரும் குறை சொல்லவில்லை. கவலையோடு சேர்த்து வைத்தியமும் சொன்னார், அதுதான் சகிக்கவில்லை.

"மால்கம், இங்க பாருப்பா," என்றார் முதல் நாளே. "மழை பேஞ்சு ஒரு மணி நேரத்துல போவுது. காய்ஞ்சா வந்துடுது. எங்க கேட்டுக்கு வெளிய இருக்கே அந்தக் கேபிள் குழி, அதுக்குள்ள ஏதோ ஜாயின்ட்ல தண்ணி எறங்குது. வேற ஒண்ணும் இல்ல."

"அப்படியா? நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. நான் டீ குடிச்சிட்டுக் கெளம்பவா?" என்றேன்.

ஐரிஸ் சிரித்தார். "குடிச்சிட்டே போ கண்ணு. இந்த மனுஷன் டாக்டர்கிட்டயும் இப்படித்தான். எனக்கு என்ன நோவுன்னு இவரே சொல்லிட்டு மருந்துச் சீட்டு மட்டும் வாங்கிட்டு வருவாரு."

கருவியை மாட்டிப் பார்த்தேன். கம்பி சுத்தமாக இருந்தது. 'பழுது காணப்படவில்லை' என்று எழுதி மூடினேன். அடுத்த இரண்டு முறையும் அப்படியே. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. மழை நாளில் நாங்கள் குழியைத் திறக்கக் கூடாது, அது பாதுகாப்பு விதி. மழை பெய்தால் வேலை தானாக வேறு நாளுக்குத் தள்ளிப்போய்விடும். அதனால் நெவில் வீட்டுக்கு நான் போன மூன்று நாளும் பளீரென்று வெயில் அடித்தது. வெயிலில் அந்தக் கம்பி பச்சைக்குழந்தை போலச் சமர்த்தாக இருந்தது. கண்முன்னால் அறுந்தால்தான் பழுது. இல்லையென்றால் இல்லை. விதியை எழுதியவன் நானில்லை.

நெவில் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். நான்கு பக்கம், கூடவே ஒரு வரைபடம். நீலக் கோடு மழை, சிவப்புப் புள்ளி இணையம் போன நேரம், பச்சைப் புள்ளி நான் வந்த நாள். பச்சைப் புள்ளி ஒன்றுகூட நீலக் கோட்டின்மேல் இல்லை. எங்கள் சூப்பர்வைசர் அதைக் காலைக் கூட்டத்தில், வண்டிகள் நிற்கும் முற்றத்தில், பதினோரு பேர் முன்னால் உயர்த்திப் பிடித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? நம்ம மால்கம் சூரியனைக் கும்பிட்டுட்டுத்தான் வண்டியில ஏறுவாரு போல."

அன்றிலிருந்து நான் 'வெயில் மால்கம்'. மேகம் கொஞ்சம் கருத்தால் போதும், "மால்கம், வீட்டுக்குப் போயிடு, நனைஞ்சிடுவே" என்பார்கள். என் சாப்பாட்டு டப்பாவின்மேல் யாரோ ஒரு குட்டிக் குடையைக் குத்தி வைத்திருந்தார்கள், பழச்சாற்றுக் கோப்பையில் வைப்பார்களே, அந்த மாதிரி. பதினோரு பேரில் ஒருவனுக்கும் ஒரு ஜாயின்ட்டை ஒழுங்காக முறுக்கத் தெரியாது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான்காவது முறை ஒரு திங்கட்கிழமை போனேன். வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே குழியைத் திறந்தேன். அந்த மனிதர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன மாதிரியே, ஒரு ஜாயின்ட். உறை விரிசல் விட்டு, செம்பு பச்சையாகப் பூத்து, உள்ளே ஈரம். முதலில் படம் எடுப்பது, பிறகு கை வைப்பது எங்கள் வழக்கம். படம் எடுத்தேன். அந்தப் படத்தைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். நேரமும் தேதியும் அதிலேயே இருக்கின்றன, நான் மறுக்கவில்லை.

வெட்டி, புது ஜாயின்ட் போட்டு, பசை அடைத்து மூடப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அறிக்கையில் என்ன எழுதுவது? வாடிக்கையாளர் சொன்ன இடத்தில், வாடிக்கையாளர் சொன்ன பழுது என்றா? அதை முற்றத்தில் யார் படிப்பார்கள் என்று உங்களுக்கே புரியும். காலையிலேயே வானிலை பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். சனிக்கிழமை வரை ஒரு துளி மழை கிடையாது.

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

இணையம் விட்டுவிட்டுப் போனால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. மோடத்தில் செருகியிருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, அது இல்லாதபோது இணைப்பு அறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. எது இல்லாதபோது அறாமல் இருக்கிறதோ, அதுதான் குற்றவாளி. தொலைக்காட்சியைக் கழற்றச் சொல்லியிருக்கலாம். நான் அவசர அழைப்புப் பெட்டியைக் காட்டினேன். மற்றதையெல்லாம் அவரே ஏற்கெனவே கழற்றிப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டார். அவர் அதைச் சந்தேகப்பட்டதே கிடையாது.

"இதுவா?" என்றார் நெவில். "இது போயி இணையத்தக் கெடுக்குமா?"

"கெடுக்கும். ஈரக்காத்துல இந்தப் பெட்டி எரைச்சல் போடும். அதான் மழையன்னிக்கு மட்டும் போவுது. ரெண்டு வாரம் கழட்டி வையுங்க. உங்க நோட்டே சொல்லும்."

"ரெண்டு வாரமா? இவளுக்கு ஏதாச்சும் ஆனா?"

"போன் இருக்கே. போன் வேலை செய்யுது."

அவர் ஐரிஸைப் பார்த்தார். ஐரிஸ் கையை வீசினார். "கழட்டுங்க நெவில். சும்மா மொறைச்சிக்கிட்டே நிக்குது, போலீஸ்காரன் மாதிரி. வியாழக்கெழமை நீங்க கிளப்புக்கும் போவணும் சொல்லிட்டேன். வீட்டுல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்குத்தான் நோவு வரும்."

நெவில் குனிந்து தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கினார். நான் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை. தேதியையும் மணியையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் கொடூரன் இல்லை, சார்ஜென்ட். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை, மழைக்கு முந்தின நாள், சத்தமில்லாமல் குழியைத் திறந்து அந்த ஜாயின்ட்டை மாற்றிவிடுவது. பிறகு அவர் பெட்டியை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் இணையம் போகாது. வேறு பெட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பழையது கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவேன். ஐரிஸுக்குப் பொத்தான் கிடைக்கும், அவருக்கு இணையம் கிடைக்கும், எனக்கு அந்த நோட்டிடமிருந்து விடுதலை கிடைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

புதன்கிழமை மதியம் நெவிலே கூப்பிட்டார்.

"மால்கம், ஒத்துக்கிறேம்பா. ரெண்டு ராத்திரியும் பனிமூட்டம், ஈரக்காத்து. அப்பவும் ஒரு தடவகூடப் போகல. நீ சொன்னதுதான் சரி. அந்தக் கடுதாசிய நான் எழுதியிருக்கக் கூடாது. உங்க ஆபீசுக்கு இன்னொண்ணு எழுதிடறேன்."

பதினேழு வருடத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்புறம் அவர் கேட்டார்:

"அப்ப பெட்டிய இப்பவே மாட்டிடவா? நாளைக்கு வியாழக்கெழமை. இவ தனியா இருப்பா."

மாட்டினால் என்ன ஆகும்? வெயில் காய்கிறது, இணையம் போகாது. பெட்டி இருக்கும்போதும் போகவில்லை என்று நோட்டில் ஏறும். அந்த மனிதர் அதோடு விடமாட்டார், மறுபடியும் குழிக்கே வந்து நிற்பார்.

"வேண்டாம்," என்றேன். "பாதியில விட்டா சோதனையே வீண். இன்னும் ரெண்டு நாள் பொறுங்க. நீங்க நிம்மதியா கிளப்புக்குப் போங்க நெவில், ஒண்ணும் ஆகாது."

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவர் புல்வெளியில் பந்து உருட்டப் போனார். நாலரைக்குத் திரும்பி வந்தபோது ஐரிஸ் துணி துவைக்கும் அறையில் கிடந்தார். தலை தொட்டியின் விளிம்பில் பட்டிருந்தது. தொலைபேசி சமையலறையில், எட்டடி தள்ளி இருந்தது. பொத்தானுக்குள்ளும் ஒரு நினைவகம் உண்டு என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு ஐம்பதிலிருந்து மூன்று இருபது வரை முப்பத்தெட்டு முறை அழுத்தியிருக்கிறார் என்றீர்கள். பெட்டி கழற்றியிருப்பது நினைவில்லாமல் அழுத்தினாரோ, நினைவிருந்தும் அழுத்தினாரோ, தெரியவில்லை. ஒருமுறை அழுத்தினாலே போதும் என்று அந்தப் பொத்தானின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

செய்தி அன்று மாலையே எனக்கு வந்துவிட்டது. சிறிய ஊர். வெள்ளிக்கிழமை காலை நான் நினைத்திருந்தபடியே போய், குழியைத் திறந்து, ஜாயின்ட்டை மாற்றினேன். நீங்கள் இரண்டாவது படத்தைக் காட்டி, இறந்த மறுநாள் ஏன் போனாய் என்று கேட்டீர்கள். சனிக்கிழமை மழை வரும் என்பதால் போனேன். சவ அடக்கப் பிரார்த்தனையை அந்த வீட்டிலிருந்தே இணையத்தில் காட்டப்போவதாகச் சொன்னார்கள். அவர்கள் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள், வர முடியாதாம். நடுவில் அறுந்துவிடக் கூடாது அல்லவா? மிக நேர்த்தியான ஜாயின்ட் அது. யாரை வேண்டுமானாலும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அடக்கத்துக்கும் போனேன். ஒரு தட்டு லசான்யா கொண்டுபோனேன். எல்லோரும் லசான்யாவே கொண்டுவந்திருந்தார்கள். நெவில் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீ என்னப்பா பண்ணுவே," என்றார். "பிளக்கப் பிடுங்கினது நான். கிளப்புக்குப் போனதும் நான். என் கையாலயே பிடுங்கினேன் மால்கம்."

அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் குழியைப் பற்றிச் சொல்லி ஒரு கிழவரை மேலும் வருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று வாரமாக அவர் சாப்பிடுவதில்லை, நோட்டைத் தொடுவதில்லை என்கிறார்கள். இப்போது நீங்கள் போய்ச் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள்.

சரி, நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். பழுது எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தே மூடினேன். கெட்டுப்போகாத பெட்டியைக் கெட்டது என்று சொல்லிக் கழற்றவைத்தேன். திரும்ப மாட்டவா என்று கேட்டவரை வேண்டாம் என்று தடுத்தேன். மழைக்கும் ஐரிஸுக்கும் சம்பந்தமில்லை, அவர் செத்தது என்னால். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அதன் கீழே இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள், முற்றத்தில் யாராவது படித்தாலும் படிப்பார்கள். அந்தப் பெண்மணி தரையில் கிடந்த அவ்வளவு நேரமும் அந்த வீட்டு இணைப்பு ஒரு நொடிகூட அறுந்துபோகவில்லை.