சவுண்ட் கார்டு போட்ட ஞாயிறு

அக்கா: இப்பவும் இருக்கு.

தம்பி: நல்லாக் கேளுக்கா.

அக்கா: இன்னும் எப்படிடா கேக்குறது? ஸ்ஸ்ஸ்னு... குழாய சரியா மூடாம விட்ட மாதிரி.

தம்பி: ஹெட்போனக் குடு. ம்ம்... ம்ஹூம். ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு.

அக்கா: ஒத்தப் பக்கம் மட்டும் வெச்சுக் கேட்டா? ரெண்டு காதுலயும் மாட்டு.

தம்பி: இருவது வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறேன். எனக்கு ஒரு பக்கம் போதும்.

அக்கா: போன ஞாயித்துக்கெழமையும் இதான் சொன்ன. அதுக்கு முந்தின ஞாயிறும்...

தம்பி: அப்ப ஹெட்போன மாத்தினேன். அதுக்கு முன்னாடி எர்த்து ஒயர் இழுத்தேன். ஃபேன் மாத்தினேன். இனி உன் வீட்டுச் சுவரத்தான் மாத்தணும்.

அக்கா: சவுண்ட் கார்டு போடுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்.

தம்பி: நீ டாக்டருங்க பேசி அனுப்புறதக் கேட்டு டைப் அடிக்கிற. கச்சேரியா நடத்துற? மதர்போர்டுலயே இருக்குற ஆன்போர்டு சத்தம் தாராளமாப் போதும்.

அக்கா: போதும்னா ஏன் இரையுது?

தம்பி: என்ன சொன்ன?

அக்கா: ஏன் இரையுதுன்னேன்! உன் பொண்டாட்டி பொலம்புறதுல தப்பே இல்ல. எல்லாத்தையும் ரெண்டு தடவ சொல்லணும் உனக்கு.

தம்பி: ஒரே தடவையில கேட்டுட்டா அவ அடுத்த வேலையச் சொல்லுவா. நீ இந்தப் பக்கமா வந்து உக்காரு... அங்க ஒயர் கால்ல மாட்டும்.

அக்கா: வந்துட்டேன். சொல்லு, ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

தம்பி: ஆன்போர்டுங்கறது கூட்டுக் குடும்பம். ஃபேன், கரண்டு, சத்தம், எல்லாம் ஒரே பலகையில. யாராவது மொணமொணத்தா அடுத்தவன் காதுல விழும். கார்டு தனிக்குடித்தனம்.

அக்கா: அப்ப தனிக்குடித்தனம் வெச்சுக் குடு. எனக்கும் நிம்மதி.

தம்பி: மொணமொணப்பு இருந்தாத்தானே? இந்த போர்டு அமைதியா இருக்குக்கா. சத்தியமா.

அக்கா: நாளைக்கு கம்பெனிக்கு போட்டோ அனுப்பணும். புது கார்டு மாட்டியாச்சுன்னு.

தம்பி: போட்டோவா? எதுக்கு?

அக்கா: காதுல விழாத எடத்துல நாங்க கோடு போட்டு விடணும். மேல ஒருத்தி திரும்பக் கேட்டு நிரப்புவா. மாசத்துக்கு பத்து கோடு வரைக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

தம்பி: உனக்கு எத்தன?

அக்கா: போன மாசம் அறுவத்தொண்ணு.

தம்பி: அக்கா!

அக்கா: கத்தாத. சிஸ்டம் கோளாறுன்னு சொல்லியிருக்கேன். திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணலன்னா வேலை இல்லன்னுட்டாங்க. அவரு போனதுலருந்து எனக்கு இந்த நாற்காலியும் இந்த ஹெட்போனும்தான்டா. அதையும் புடுங்கிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?

தம்பி: சரி சரி... அழாத. கார்டு பையிலதான் இருக்கு. நீ விடமாட்டேன்னு தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன். டார்ச்சப் புடி.

அக்கா: இப்படியா?

தம்பி: என் மூஞ்சிக்கு இல்ல, பெட்டிக்குள்ள. ம்... உக்காந்துருச்சு. ஸ்குரு எங்க?

அக்கா: உன் முட்டிக்குக் கீழ.

தம்பி: அப்பாடா... முதுகு விட்டுப்போச்சு. கொஞ்சம் தண்ணி குடு. ஆன் பண்ணிட்டேன், மிச்சத்த...

அக்கா: ஹெட்போன் ஒயர நானே சொருகிட்டேன். அந்தப் பச்ச ஓட்டைதானே?

தம்பி: இரு, இன்னும்...

அக்கா: உஸ். பேசாத. டாக்டர் பேசுறாரு... அடேயப்பா!

தம்பி: என்ன?

அக்கா: ஒண்ணுமே இல்லடா! அந்த ஸ்ஸ்ஸ்ஸு... தொடச்சு விட்ட மாதிரி போயிடுச்சு. இதத்தானே மூணு வாரமாச் சொன்னேன்! சீக்கிரம் போட்டோ எடு.

தம்பி: சுத்தமாப் போயிடுச்சா?

அக்கா: சுத்தமா.

தம்பி: அக்கா... பின்னாடி பச்ச ஓட்டை ரெண்டு இருக்கு. மேல இருக்குறது பழசு. கீழதான் கார்டு.

அக்கா: சரி?

தம்பி: நீ மேல சொருகியிருக்க. கார்டு வேலை செய்யறதுக்கான டிரைவர் சாஃப்ட்வேர் கூட நான் இன்னும் போடல. இப்ப நீ கேட்டது அதே பழைய ஆன்போர்டு. என் காதுலயே பூ சுத்துறியா?

அக்கா: இல்லடா... கொஞ்சம் கொறஞ்ச மாதிரி...

தம்பி: கம்ப்யூட்டர ஆஃப் பண்றேன். ஹெட்போனையும் கழட்டு. இப்பச் சொல்லு. இருக்கா?

அக்கா: கழட்டிட்டேன்.

தம்பி: அக்கா.

அக்கா: இருக்கு.

தம்பி: எத்தன மாசமா?

அக்கா: ஏழு. படுத்தாலும் இருக்கு, எந்திரிச்சாலும் இருக்கு. ஒருவேள மெஷின்லயும் இருக்கும், ரெண்டும் சேந்துதான் இம்சை பண்ணுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீ ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு ஒண்ணுமில்லம்ப. அப்ப என் காதுதான்னு பயந்துகிட்டு, அடுத்த ஞாயிறும் உன்னையே கூப்பிடுவேன்.

தம்பி: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?

அக்கா: சொன்னா வேலைய விடும்ப. உன் வீட்டுக்கு வந்துரும்ப. அது எனக்கு வேணாம்.

தம்பி: சரி விடு. கார்டு நெசமாவே மாட்டியாச்சு. போட்டோ பொய்யில்ல. எடுக்கட்டுமா?

அக்கா: வேணாம்.

தம்பி: வேலை?

அக்கா: அறுவத்தொண்ணுன்னு சொன்னது கோடு போட்டது. திட்டுவாங்கன்னு பயந்து, இந்த மாசம் சில எடத்துல நானா யோசிச்சு அடிச்சு விட்டுட்டேன். மருந்துப் பேருடா... யாரோ ஒரு நோயாளி. ரெண்டு நாளா சோறு எறங்கல. காலையில மொதல் வேலையா அந்த ஃபைலையெல்லாம் திரும்பக் கேக்கச் சொல்லப் போறேன். அப்புறம் நடக்குறது நடக்கட்டும்.

தம்பி: ம்... நானும் கூட இருக்கேன். பேசிட்டு காது டாக்டர்கிட்ட போயிடலாம். பத்து மணிக்கு.

அக்கா: அதுக்குள்ள பத்து மணிக்குன்னு உனக்கு எப்படி... அப்ப உனக்கு முன்னாடியே தெரியுமா? எனக்குன்னு நேரம் வாங்கி வெச்சிருக்கியா?

தம்பி: உனக்கில்ல.

அக்கா: பின்ன?

தம்பி: எனக்கு.

அக்கா: உனக்கு என்னடா? நீதான் மூணு வாரமா கேட்டுக் கேட்டு, மெஷின் சுத்தம்னு சத்தியமே பண்ணினியே!

தம்பி: இடது காது போயி மூணு வருஷம் ஆச்சுக்கா. வலதுலயும் சன்னமான சத்தம் எதுவும் விழல. கடைக்கு வர்றவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு யார்கிட்டயும் மூச்சு விடல, பொண்டாட்டிகிட்டகூட. இந்த மெஷின் இரையுதா இல்லையான்னு... சத்தியமா எனக்குத் தெரியவே தெரியாது.