வளையக் கீறல்

மேடம், உங்கள் ஜீப்பைத் துடைக்கிற கான்ஸ்டபிளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கக் கூடாது. பார்க்க மாவு மாதிரி இருக்கும். ஆனால் அது கல். கிருஷ்ணகிரிப் பக்கம் போய்வந்த வண்டியில் கிரானைட் பொடி. பேரிகைப் பக்கம் என்றால் செம்மண். துணியை வைத்து அழுத்தினால் அந்தக் கல்லையே எடுத்துப் பெயிண்டில் தேய்த்ததுபோல. லேசான தூசிதானே என்று நினைக்கிறவர்கள்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பெயர் கோவிந்தப்பன். வயது ஐம்பத்து மூன்று. ஓசூரில் ஒரு கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் வருகிற ஒவ்வொரு வண்டியின் பாடியையும் விளக்கடியில் பார்த்து, பெயிண்டுக்குள் தூசி இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். மற்றவர்கள் கையால் தடவிக் கண்டுபிடிப்பதை நான் நாலடி தள்ளி நின்று சொல்வேன். மேனேஜரே, "கோவிந்தப்பன் ஓகேன்னா ஓகே" என்பார்.

மூன்று வருடம் முன்பு கார் வாங்கினேன். கறுப்பு. வேண்டாம், வெள்ளையே வாங்கலாம் என்றாள் சாந்தம்மா, என் மனைவி. கறுப்பில் எதுவும் மறையாது. அதற்காகவே வாங்கினேன். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவேன். கார் தொரப்பள்ளி ரோட்டில் எங்கள் வீட்டு போர்டிகோவில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன்.

ஆடி மாதம் முதன்முதலில் கவனித்தேன். சாயங்காலம் போர்டிகோ பல்பைப் போட்டு பானெட்டைப் பார்ப்பது என் வழக்கம். பல்பின் வெளிச்சம் பெயிண்டில் விழுந்த இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல்கள். சிலந்தி வலைபோல மெல்லியவை. சில நாள் அவற்றின் ஓரத்தில் நிறம்கூடத் தெரியும். யாரோ காய்ந்த துணியை வட்டமாகச் சுற்றித் துடைத்திருக்கிறார்கள். பாலிஷ் போட்டு எடுத்தேன். மறுநாள் பார்த்தால் திரும்ப இருந்தது.

அப்புறம்தான் மற்றதையும் பார்க்க ஆரம்பித்தேன். டயரின் பள்ளங்களில் செம்மண். மேலே எல்லாம் சுத்தம். டயரைத் துடைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. டிரைவர் சீட் ஒரு விரல் அளவு முன்னால் தள்ளியிருந்தது. மீட்டரும் அதையே சொன்னது. நான் வேலைக்குப் போன நேரத்தில் கார் வெளியே போய்வருகிறது.

எதிர்வீட்டில் வெஸ்லின் என்று ஒரு பையன். பையன் என்றாலும் முப்பத்தொன்று ஆகிறது. டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தருகிறவன். இடக்கைக்காரன். இடக்கையால் துடைத்தால் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றும். என் பானெட்டில் எதிர்ப்பக்கம்தான் சுற்றியிருந்தது. சாந்தம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. வயதைச் சொல்லி நீங்கள் சிரிக்கலாம். நான் வயதைப் பார்க்கிறவன் இல்லை, வளையத்தைப் பார்க்கிறவன்.

அவளிடம் கேட்காமல் இல்லை. சாப்பாடு போடும்போது ஒருநாள் கேட்டேன்.

"கார யாராச்சும் எடுக்கறாங்களா?"

"யாருங்க எடுப்பா? எனக்கு ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு ரசம் ஊற்றினாள். கொஞ்சம் தட்டுக்கு வெளியே சிந்தியது. இருபத்தாறு வருடத்தில் அவள் ரசம் சிந்தி நான் பார்த்ததில்லை.

நான் சத்தம் போடவில்லை. கை ஓங்கியதும் இல்லை; தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். லைனில் ஒரு குறை வந்தால் கத்துவதில் பயனில்லை. எந்த இடத்தில் வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் அவளைப் போர்டிகோவுக்குக் கூப்பிட்டேன். தூசியை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். வண்டி சூடாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது, நிழலில் ஆற விட வேண்டும். முதலில் தண்ணீர் மட்டும், மேலிருந்து கீழே. துணியே படாமல் பாதித் தூசி போய்விடும். அப்புறம் சோப்பு நுரை. அதற்கும் அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி. அதையும் அழுத்தாமல், வட்டம் போடாமல், நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் அழுக்கானால் மடித்து அடுத்த பக்கம். துணி கீழே விழுந்தால் அதைத் திரும்பத் தொடக் கூடாது. வாட்டர் வாஷ் மெஷினை எப்படிப் போடுவது என்பதையும் காட்டினேன். அவளுக்கு மெஷின் என்றாலே பயம்.

"ஷாக்கு கீக்கு அடிக்காதுங்களே?"

"அடிக்காது. செருப்பக் கழட்டிட்டு நில்லு. சோப்புத் தண்ணி, வழுக்கும்."

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் அடித்தாள். முகமெல்லாம் சாரல். "கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல இன்னிக்குத்தாங்க எனக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். பூரித்துப்போயிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை மெஷின் நன்றாக இருந்தது. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம், அவள் பால் வாங்கப் போன நேரத்தில்தான் அதைத் திறந்தேன். எர்த் கம்பியைக் கழற்றினேன். இன்னும் ஒன்றிரண்டு வேலை செய்தேன். உங்கள் எலக்ட்ரீஷியன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார். ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்துகிற வீட்டு டிரிப்பர் ஒரு வாரமாகவே வேலை செய்யவில்லை. அதைக் கெடுத்தவனும் நான்தான்.

நான் நினைத்தது இவ்வளவுதான். கார் நகராவிட்டால் தூசி இல்லை. தூசி இல்லாவிட்டால் தண்ணீர் வேண்டாம். தப்பு செய்யாதவள் அந்த மெஷின் பக்கமே போக மாட்டாள். அவளிடம் ஒரு கேள்வியை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். பதில் அவள் கையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு போன் வந்தது. வெஸ்லின்தான் பேசினான், அக்காவுக்கு ஷாக் அடித்துவிட்டது என்று. டீ டைம். டீயைக் குடித்துவிட்டு, சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, அக்கா சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிட்டாங்கண்ணா. காலைலதான் லைசென்ஸ் டெஸ்டு பாஸ் பண்ணாங்க. பேரிக ரோட்டுல ரெண்டு மாசமாப் பழகுனாங்க. நீங்க வரதுக்குள்ள வண்டியக் கழுவி வெச்சிட்டு, சாயங்காலம் உங்கள ஒக்கார வெச்சுத் தானே ஓட்டிக் காட்டறேன்னாங்கண்ணா."

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். கம்பெனி மெடிக்கல் கேம்ப்பில் கண் டாக்டர் எனக்கு ஒரு சீட்டு கொடுத்திருந்தார். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு, வண்டி ஓட்டாதே என்று. டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் அதை டிராயரில் போட்டுவிட்டேன். சாந்தம்மா எடுத்திருக்கிறாள். அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. வெஸ்லினிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள்.

"கண்ணு போகுதுன்னு நாம சொன்னா அவரு ஒடஞ்சிருவாரு வெஸ்லினு, அந்தக் கண்ணுதான் அவருக்கு எல்லாமேன்னாங்க. நான் ஓட்டக் கத்துக்கிட்டா, நான்தான் ஓட்டுவேன்னு அடம் புடிச்சி சாவிய வாங்கிக்கலாம், அவருக்கும் கௌரவமாப் போயிரும்னாங்கண்ணா."

அவன் சொன்னது பொய்யென்று நான் சொல்லவில்லை. லைசென்ஸ் டெஸ்ட் பேப்பரை நீங்களும் காட்டினீர்கள். செம்மண், சீட், மீட்டர் மூன்றுக்கும் அதில் பதில் இருக்கிறது. ஆனால் வளையத்துக்குப் பதில் இல்லை. அவள் துடைக்கவே இல்லை, தினமும் தண்ணீர் மட்டும்தான் மக்கில் மொண்டு ஊற்றினாள் என்கிறான் அவன். அப்படியானால் கீறல் எங்கிருந்து வரும்? யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். அழுத்தித் துடைக்கிற அளவுக்கு மறைக்க ஏதோ இருந்திருக்கிறது.

நேற்று நீங்கள் பெயிண்டரை அழைத்துவந்து, டார்ச் அடித்து, என் கண் முன்னாலேயே பானெட்டைக் காட்டினீர்கள். கீறலே இல்லை, புது வண்டி மாதிரி இருக்கிறது என்றார் அவர். அவர் டார்ச்சைச் சுற்றியே எனக்கு வளையம் தெரிந்தது. அவருடைய டார்ச் கண்ணாடியும் சுத்தமில்லை. இந்த அறையில் டியூப்லைட்டும் அப்படித்தான் இருக்கிறது. காய்ந்த துணியால்தான் எல்லாரும் எல்லாவற்றையும் துடைக்கிறார்கள், மேடம்.

டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்கிறீர்கள். வேண்டாம். மனநிலை சரியில்லை, பார்வை சரியில்லை என்று தண்டனையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை. மெஷினைத் திறந்தது நான். செருப்பைக் கழற்றச் சொன்னது நான். அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தே வேலைக்குப் போனேன். அன்றைக்கு லைனில் இரண்டு பாடியை நிறுத்தி வட்டம் போட்டேன். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று கூட இருந்தவர்கள் திரும்ப அனுப்பிவிட்டார்கள். இந்த ஆறு மாதமாகவே அப்படித்தான் செய்கிறார்கள். இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்குப் பொறுப்பு போதாது.

கையெழுத்துப் போடுகிறேன். எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள், எழுத்து கொஞ்சம் பொடியாக இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாசித்ததில் ஒரே ஒரு வரிதான் தப்பு. 'மனைவியின் நடத்தையில் சந்தேகம் கொண்டு' என்று வருகிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

நான் சந்தேகப்படவில்லை, மேடம். கண்ணால் பார்த்தேன்.