நிலையில் சிக்கிய சிலை

பக்தவத்சலம்: ...தள்ளாதே, தள்ளாதேன்னா! என் விரல் நசுங்குது.

கிருஷ்ணப்ரியா: அரே அப்பா, நீங்க இழுக்கணும். டெம்போகாரர் கீழ ஹார்ன் அடிச்சுட்டே இருக்காரு.

பக்தவத்சலம்: அடிக்கட்டும். எம்.எஃப்.ஏ. படிக்கிற பொண்ணு, சிலை செய்யறதுக்கு முன்னாடி கதவை அளந்து பார்க்க வேண்டாமா?

கிருஷ்ணப்ரியா: அளந்தேம்பா. அதுக்கப்புறம்... கொஞ்சம் வளர்ந்துடுச்சு.

பக்தவத்சலம்: வளர்றதுக்கு அது என்ன கொழந்தையா? பிளாஸ்டர்!

கிருஷ்ணப்ரியா: மதியம் ஜூரி மார்க் போட வர்றாங்க. இது போய்ச் சேரலைன்னா ஃபெயில். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்.

பக்தவத்சலம்: காலேஜ்ல அவ்வளவு பெரிய ஸ்டுடியோ இருக்கு. அதை விட்டுட்டு ஔந்த்ல, நம்ம வீட்டு மூணாவது மாடில, பெட்ரூமைப் பூட்டிக்கிட்டு...

கிருஷ்ணப்ரியா: அங்க எல்லாரும் எட்டிப் பார்ப்பாங்க.

பக்தவத்சலம்: சரி, அந்தத் துணியை உருவு. எங்க இடிக்குதுன்னே தெரியல.

கிருஷ்ணப்ரியா: வேண்டாம்! துணி இருக்கட்டும். கீறல் விழும்.

பக்தவத்சலம்: இத்தனை நேரம் இடிச்சதுல விழாத கீறலா? கையை எடு...

கிருஷ்ணப்ரியா: அப்பா, ப்ளீஸ்...

பக்தவத்சலம்: உருவியாச்சு... இந்த முகம்! யாரோட சிலைன்னு கேட்டப்ப, காலேஜ் மாடல்னு சொன்னே.

கிருஷ்ணப்ரியா: ஆமா...

பக்தவத்சலம்: காலேஜ் மாடலுக்கு உங்கம்மா மூக்கு எங்கேர்ந்து வந்தது?

கிருஷ்ணப்ரியா: ...சனிக்கிழமை லைப்ரரின்னு சொன்னதெல்லாம் பொய்ப்பா. தாபோடிக்குத்தான் போவேன், அம்மா வீட்டுக்கு. அவங்க உட்காருவாங்க, நான் வரைவேன். பிரிஞ்சது நீங்க ரெண்டு பேரும்தானே... நான் இல்லையே?

பக்தவத்சலம்: மூக்கைத் துடை. அழுதா ஜூரி காத்திருக்குமா?

கிருஷ்ணப்ரியா: திட்டறதுன்னா திட்டிடுங்க.

பக்தவத்சலம்: கொண்டைதான் இடிக்குது. ரம்பத்தை எடு.

கிருஷ்ணப்ரியா: கொண்டையை அறுக்கறதா? அம்மான்னாலே அதுதானேப்பா! அவங்க மேல இருக்கிற கோபத்தையெல்லாம் என் சிலை மேல...

பக்தவத்சலம்: என்ன கோபம்? முகத்தை இவ்வளவு சரியாப் பிடிச்சவ, தலையை மட்டும் பார்க்கலையா? இப்ப ஏது கொண்டை?

கிருஷ்ணப்ரியா: வெட்டிக்கிட்டாங்கதான். போன வாரம்... அதுக்குள்ள நான் பிளாஸ்டர் போட்டு முடிச்சுட்டேன். ஒரு நிமிஷம்... இது உங்களுக்கு யார் சொன்னா?

பக்தவத்சலம்: யார் சொல்லணும்? கேம்ப் ஏரியால அந்த பார்லர் வாசல்ல, அவ முடி வெட்டிட்டு வர்ற வரைக்கும் ஸ்கூட்டரோட நின்னுக்கிட்டிருந்ததே நான்தான். ரம்பத்தை எடுடி!