ஆளையும் தாங்கும் பை

கம்பிச் சட்டம் வைத்து முதுகில் மாட்டுகிற பிரேம் பை வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள், தம்பி. இலை தழை அச்சடித்த துணியா, எத்தனை பாக்கெட், தண்ணீர் உறிஞ்சும் குழாய்க்கு ஓட்டை இருக்கிறதா என்று. அதெல்லாம் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் உதவும். நீங்களும் இந்த வருடம் ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, இடுப்புப் பட்டையைப் பாருங்கள். பாரம் தோளில் உட்கார்ந்தால் ஒரு மைலில் நாக்கு தள்ளிவிடும். இடுப்பில் உட்கார்ந்தால் எல்க் மானின் முழுத் தொடையைச் சுமந்துகொண்டு விசிலடித்தபடி மலை இறங்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். காபி நன்றாக இருக்கிறது, எனக்கும் அவசரமில்லை.

என் பழைய அலுமினியப் பை நடக்க நடக்கக் கத்தும். வெண்டலுக்கு அதைக் கிண்டல் பண்ணாவிட்டால் சோறு இறங்காது. வெண்டலை உங்களுக்குத் தெரியும், என் தங்கை லோரெட்டாவின் கணவன். "மச்சான், உன் பை போடற சத்தம் கனடா வரைக்கும் கேக்குது. மானெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு" என்பான். ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்து, மார்ச் மாதம் அவனையும் கூட்டிக்கொண்டு மிசூலா டவுனில் வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் விவரமானவள். பையைப் பிரேமிலிருந்து முன்னால் இழுத்துக் காட்டினாள். நடுவில் ஒரு தட்டு. கறியை அதில் முதுகை ஒட்டி வைத்து, மேலே பையை இறுக்கிக் கட்டிவிட்டால் பாரம் ஆடாது. "அடிபட்ட ஆளையே இதுல வச்சுத் தூக்கிட்டு வரலாம் சார்" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் வெண்டல் தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஆள் ஒல்லிதான். மீன் தூண்டில் வரிசை வழியாகக் கல்லா வரை தூக்கிக்கொண்டு போனேன். வழியில் நின்றவர்களுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டே வந்தான்.

"மெதுவா போ மச்சான். ரைட்ல பூட்ஸ் தள்ளுபடில கெடக்கு, பாக்கணும்."

"எறங்குடா மாப்ளே, மானம் போகுது."

"எறங்க மாட்டேன். இதுதான் இனிமே என் வண்டி."

நிறைய சிரித்தோம். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

இந்த வருடம்தான் எனக்குக் குலுக்கலில் பெயர் வந்தது. ஆற்றுக்கு மேலே இருக்கிற அந்தச் சரிவில் ஆண் எல்க் சுட அனுமதி. தலை நரைக்கும் வரை விண்ணப்பம் போட்டுப் போட்டு வந்தது. இனி ஒருமுறை வரும் என்று நினைக்க எனக்கு வயது இல்லை.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊரில் குடித்துவிட்டு வண்டியை ஓடையில் இறக்கியவனை மன்னிப்போம். பெண்டாட்டியை விட்டு ஓடினவன் திரும்பி வந்தால் பீர் வாங்கிக் கொடுப்போம். சுட்ட மிருகத்தின் கறியை அழுகவிட்டவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, தின்னக்கூடிய கறி அத்தனையும் காட்டைவிட்டு வெளியே வர வேண்டும். கிளைபர்ன் யேட்ஸ் என்று ஒரு மனிதர். எப்போதோ ஒரு தடவை பாதி மானை மலையில் விட்டுவிட்டு வந்தார். இன்றைக்கும் அவர் புழு யேட்ஸ்தான். சர்ச்சில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பேரப்பிள்ளைகளைப் புழுக்குட்டி என்கிறார்கள்.

அன்றைக்கு வெண்டலும் கூட வந்தான். விடிந்ததும் சுட்டேன். ஒரே குண்டு. தோலை உரித்து, எலும்பை எடுத்து, கறியைத் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். மூன்று நடை சுமந்தால் முடிந்துவிடும். வண்டி முக்கால் மணி நேர இறக்கத்தில் நின்றது, பெட்டிகள் நிறைய ஐஸ். பெயருக்குத்தான் செப்டம்பர், வெயில் ஜூலை மாதிரி காய்ந்தது. வெண்டல் கைகழுவ ஓடைக்கு இறங்கினான். பாறை புரண்டது. நான் போய்ப் பார்த்தபோது தொடை வீங்கிக்கொண்டிருந்தது, பாதம் வேறு திசையைப் பார்த்துக் கிடந்தது.

கறியின் மீது அதற்குள் ஈ வந்துவிட்டது.

நான் பதறவில்லை. பதறினால் காரியம் கெடும். வெண்டலை ஒரு மரத்தில் சாய்த்து உட்காரவைத்தேன், தண்ணீர் கொடுத்தேன், என் தொப்பியைப் போட்டுவிட்டேன். பிறகு முதல் மூட்டையைத் தட்டில் ஏற்றினேன். பை என்ன அருமையாக உட்கார்ந்தது தெரியுமா? பட்டையை ஒருமுறைகூடச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை.

வண்டி நின்ற இடத்துக்குப் போனதும் ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அங்கே சிக்னல் கிடையாது, கால் மணி நேரம் ஓட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வளைவுக்குப் போக வேண்டும். போயிருக்கலாம். போனால் ஹெலிகாப்டர் வரும், உங்கள் போலீஸ் ஆட்கள் வருவார்கள், நான் வழிகாட்டியாக நிற்க வேண்டும், அப்புறம் ஆஸ்பத்திரி. கறியை யார் பார்ப்பது? வெண்டலுக்கு வாய் இருக்கிறது, ஏதாவது வேண்டுமானால் கேட்பான். கறி கேட்காது. ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறினேன்.

இரண்டாவது தடவை போனபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"மச்சான், என்னத் தூக்கு. அன்னிக்குக் கடையில தூக்குனியே, அதே மாதிரி."

"தூக்குறேன் மாப்ளே. இன்னும் ரெண்டே நடை."

"கறி போனாப் போகுது விடு. ஒரு முழு மாடே வாங்கித் தர்றேன். ரெண்டு மாடு."

நான் சிரித்துவிட்டேன். அவனும் கொஞ்சம் சிரித்தான். விளையாட்டுப் பேச்சு வரும் வரைக்கும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று வைத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

மூன்றாவது தடவை அவன் தூக்கச் சொல்லவில்லை. குளிருது என்றான், அந்த வெயிலில். என் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டேன். நல்ல ஜாக்கெட் அது. லோரெட்டாவிடம் அடுப்பு ரிப்பேர்க்காரனைக் கூப்பிடச் சொல்லு என்றான், நான் சரி என்றேன். மூட்டை ஏற்கெனவே முதுகில் ஏறிவிட்டிருந்தது.

கறி அத்தனையும் ஐஸில் இறங்கியது. ஒரு துண்டு கெடவில்லை. உங்கள் வனத்துறை ஆள் மோந்து பார்த்துவிட்டு, இப்படிச் சுத்தமாக இறக்கினவர் அபூர்வம் என்று சொன்னார். சரிபாதியை லோரெட்டா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் வீணாகிவிடும்.

இனிமேல் நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். மூன்று நடையில் கறி முடிந்துவிட்டது. சட்டம் கேட்டது முடிந்துவிட்டது, ஊர் கேட்கக்கூடியதும் முடிந்துவிட்டது. வெயிலும் தாழ்ந்துவிட்டது. காலிப் பையோடு நான் மேலே போனேன். வெண்டல் உயிரோடுதான் இருந்தான். அப்படியிருக்க அவன் ஏன் ஐந்தாவது நடையில் இறங்கினான் என்பதுதானே?

நான்காவது நடை தலைக்கு. கொம்பு ஒவ்வொரு பக்கமும் ஆறு கிளை, அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. தட்டில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வெண்டல் கண்ணைத் திறந்து பார்த்தான்.

"அதுல ஏது கறி, மச்சான்?"

சத்தமில்லாமல்தான் கேட்டான், கோபமில்லை. பட்டையை இறுக்கிக்கொண்டு நடந்தேன். கொம்பு மரக்கிளைகளில் மாட்டி மாட்டி அந்த நடைதான் ரொம்ப நேரம் எடுத்தது. திரும்பிப் போனபோது கண் அப்படியே திறந்திருந்தது. கடையில் உட்கார்ந்த மாதிரியே தட்டில் உட்காரவைத்துக் கட்டினேன். பை அவனையும் தாங்கியது. கனமே தெரியவில்லை, அதை முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஆனால் அந்தக் காட்டில் முள்ளம்பன்றி அதிகம், தம்பி. கொம்பைப் போட்டுவிட்டு வந்தால் விடிவதற்குள் கடித்துக் குதறிவிடும்.